குடற்புழுக்கள்: குமரி மாவட்டத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆண்டுதோறும் பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 ஆகிய நாள்களை ஒட்டிப் பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் பூச்சி மாத்திரை வழங்கப்படும்போது, பெற்றோர்களிடையே ஒரே வகையான ஐயங்கள் திரும்பத் திரும்ப எழுகின்றன. அவற்றுக்கான விடைகள், இந்த மாவட்டத்தின் மண்ணையும் மழையையும் தொழில்களையும் மனத்தில் கொண்டு, இங்கே தரப்பட்டுள்ளன.

நாக்குப்பூச்சி, கீரிப்பூச்சி, கொக்கிப்புழு எல்லாம் ஒன்றுதானா?

இல்லை. பரவும் வழியும் செய்யும் கேடும் ஒவ்வொன்றுக்கும் வேறு. நாக்குப்பூச்சி என்று நம் வீடுகளில் சொல்லப்படுவது உருண்டைப்புழு. பெண் புழு 20 முதல் 35 சென்டிமீட்டர் வரை வளரும், சிறுகுடலில் வாழும். கீரிப்பூச்சி ஒரு சென்டிமீட்டர் அளவில் வெள்ளை நூல்போல இருக்கும். இரவில் குழந்தைகளின் ஆசனவாயில் அரிப்பை உண்டாக்குவது இதுதான். கொக்கிப்புழுவும் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர்தான், ஆனால் குடற்சுவரைக் கவ்விக்கொண்டு இரத்தம் உறிஞ்சும். சாட்டைப்புழு பெருங்குடலில் தலையைப் புதைத்துக்கொண்டு இருக்கும். நாடாப்புழு இறைச்சி வழியாக வருவது.

மண்புழுவுக்கும் சில இடங்களில் நாக்குப்பூச்சி என்ற பெயர் வழங்குவதால், மழைக்காலத்தில் முற்றத்தில் நெளியும் மண்புழுதான் வயிற்றுக்குள் போய்விடுகிறது என்று நம்புவோர் இன்னும் உள்ளனர். மண்புழுவுக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

ஒரு புழு வயிற்றுக்குள் போனால் அங்கேயே குட்டி போட்டுப் பெருகிவிடுமா?

பெரும்பாலானவர்கள் தவறாகப் புரிந்துகொண்டிருப்பது இதைத்தான். உருண்டைப்புழு, கொக்கிப்புழு, சாட்டைப்புழு ஆகிய மூன்றும் மனிதக் குடலுக்குள் எண்ணிக்கையில் பெருகுவதில்லை. ஒரு பெண் உருண்டைப்புழு நாளொன்றுக்கு 2 லட்சம் முட்டைகள் வரை இடும் என்றாலும், அவை அனைத்தும் மலத்தோடு வெளியேறி மண்ணில் விழுந்து, அங்கே ஈரத்திலும் நிழலிலும் இரண்டு முதல் நான்கு வாரங்கள் கிடந்து பக்குவமடைந்த பிறகே இன்னொருவரைத் தொற்றும் ஆற்றலைப் பெறுகின்றன. புதிதாக வெளியேறிய மலத்தில் உள்ள முட்டையை ஒருவர் விழுங்கினாலும் தொற்று ஏற்படாது.

ஆகவே ஒரு குழந்தையின் வயிற்றில் இருபது உருண்டைப்புழுக்கள் இருந்தால், அந்தக் குழந்தை மனித மலம் கலந்த மண்ணிலிருந்து, நகம் வழியாகவோ உணவு வழியாகவோ பொம்மை வழியாகவோ, பக்குவமடைந்த இருபது முட்டைகளையேனும் விழுங்கியிருக்கிறது என்று பொருள். மண்ணில் நடக்க வேண்டிய இந்தப் பாதி வாழ்க்கை அறுபட்டால் புழுவின் கதை முடிந்துவிடும். மாத்திரை வயிற்றில் இருக்கும் புழுவைத்தான் கொல்கிறது. முற்றத்து மண்ணில் பக்குவமடைந்துகொண்டிருக்கும் முட்டையை அது ஒன்றும் செய்வதில்லை. இந்தப் பக்கத்தின் மற்ற விடைகள் பலவும் இந்த ஒன்றிலிருந்தே பிறக்கின்றன.

கன்னியாகுமரி மாவட்டத்தின் தட்பவெப்பத்துக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

நெருங்கிய தொடர்பு உண்டு. தமிழ்நாட்டின் பிற மாவட்டங்கள் பலவும் கோடையில் காய்ந்து கிடக்க, நமக்கோ தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டுமே கிடைக்கின்றன. கொக்கிப்புழுவின் முட்டை மண்ணில் விழுந்த ஒன்றிரண்டு நாளில் பொரிந்து, அதிலிருந்து வரும் இளம்புழு ஐந்து முதல் பத்து நாள்களில் தோலைத் துளைக்கும் நிலையை அடைகிறது. ஈரமும் நிழலும் இதமான சூடும் இருந்தால் அது மூன்று நான்கு வாரங்கள் வரை மண்ணில் காத்திருக்கும். கடும் வெயிலில் காய்ந்த மண்ணில் அது தாக்குப்பிடிப்பதில்லை.

குலசேகரம், பேச்சிப்பாறை, கீரிப்பாறை பக்கத்து ரப்பர் தோட்டங்களை நினைத்துப் பாருங்கள். மரங்களின் நிழல், உதிர்ந்த இலை மூடிய ஈர மண், விடியுமுன்னே கால் நனைய நடந்து பால்வெட்டும் தொழிலாளர்கள், அருகில் கழிப்பறை இல்லாத காரணத்தால் மரங்களுக்கிடையே வெளிக்குப் போக வேண்டிய கட்டாயம் ஆகிய எல்லாம் ஒன்று சேர்ந்தால், கொக்கிப்புழுவுக்கு அதைவிட வசதியான இடம் அமையாது. இப்புழு வெப்பமண்டலத் தோட்டப்பயிர் நிலங்கள் அனைத்திலும் நெடுங்காலமாக அறியப்பட்ட ஒன்று. நம் மாவட்டம் 1956 நவம்பர் 1 அன்று தமிழகத்தோடு இணைவதற்கு முன் திருவிதாங்கூர்ப் பகுதியாக இருந்தது; 1920களின் இறுதியில் ராக்ஃபெல்லர் அறக்கட்டளை அந்த சமஸ்தானத்தின் பொதுச் சுகாதாரப் பணிக்கு உதவ வந்தபோது கவனம் செலுத்திய நோய்களில் கொக்கிப்புழு நோயும் ஒன்று.

நாஞ்சில் நாட்டு வயல்களின் களிமண், ஈரத்தைப் பிடித்துவைப்பதால் உருண்டைப்புழு முட்டைகளுக்கு ஏற்றது. கொக்கிப்புழுவின் இளம்புழுவுக்கோ, எளிதாக ஊர்ந்து மேலே வரத்தக்க மணல் கலந்த பொலபொலப்பான மண்தான் பிடிக்கும். தென்னை நிழல் படிந்த கடலோர விளைகளில் அத்தகைய மண் நிறையவே உண்டு.

வெறுங்காலில் நடந்தாலே புழு உடம்புக்குள் போய்விடும் என்பது உண்மையா?

கொக்கிப்புழுவைப் பொறுத்தவரை உண்மை. இதைக் கண்டறிந்தவர் ஆர்தர் லூஸ் என்ற ஜெர்மானிய அறிஞர். எகிப்தில் ஆய்வு செய்துகொண்டிருந்த அவர், 1898ஆம் ஆண்டு இளம்புழுக்கள் இருந்த நீரைத் தவறுதலாகத் தம் கையில் சிந்திக்கொண்டார். அந்த இடத்தில் அரிப்பு ஏற்பட்டது. சில வாரங்கள் கழித்து அவருடைய மலத்திலேயே கொக்கிப்புழு முட்டைகள் காணப்பட்டன. அதுவரை வாய் வழியாகத்தான் இது வருகிறது என்று எல்லோரும் நினைத்திருந்தனர்.

கால்விரல் இடுக்கில் புகும் இளம்புழு, இரத்தத்தில் கலந்து நுரையீரலை அடைந்து, மூச்சுக்குழாய் வழியே தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டுக் குடலுக்கு வந்து சேர்கிறது. புகுந்த இடத்தில் சில நாள்கள் அரிப்பும் சிறு தடிப்பும் இருக்கும். சேற்றுப்புண் என்று நினைத்து அதைப் பலரும் பொருட்படுத்துவதில்லை. தோட்டத்தில் வேலை செய்வோருக்கு வார்ச்செருப்பைவிடக் கால் முழுவதையும் மூடும் காலணியே பாதுகாப்பு. வழுக்கும் என்பதால் மழைக்காலத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு வேலை செய்கிறார்கள் என்பது தெரிந்ததே. ஆனால் புழு காத்திருப்பதும் அதே மழைக்காலத்தில்தான்.

இனிப்பு அதிகம் தின்றால் பூச்சி வருமா? தூக்கத்தில் பல்லைக் கடிப்பதும் முகத்தில் வெள்ளைத் தேமல் விழுவதும் பூச்சியின் அறிகுறிகளா?

இம்மூன்றுமே தவறான நம்பிக்கைகள். சக்கைப்பழம் தின்றாலும் சர்க்கரை தின்றாலும் புழு உருவாகாது. புழு முட்டையிலிருந்தே வரும்.

மண் தின்னும் குழந்தைக்குப் பூச்சி இருக்குமா?

இருக்க வாய்ப்பு உண்டு. மண்ணோடு முட்டைகள் உள்ளே போகும் என்பது ஒரு பக்கம். இரும்புச்சத்துக் குறைவே மண், சாம்பல், அரிசி போன்றவற்றைத் தின்னும் வேட்கையை உண்டாக்குவதாகக் கருதப்படுவது மறுபக்கம். கொக்கிப்புழு இரத்தத்தைக் குடித்து இரும்புச்சத்தைக் குறைக்க, அக்குறைவு மீண்டும் மண்ணைத் தின்னத் தூண்ட, ஒரு வளையம் உருவாகிவிடுகிறது. அத்தகைய குழந்தையை அடித்து மிரட்டுவதில் பயனில்லை. மலப்பரிசோதனையும் இரத்தப்பரிசோதனையும் செய்து பார்ப்பதே முறை.

உடலுக்கு உண்மையில் என்ன கேடு செய்கின்றன?

எத்தனை புழு இருக்கிறது என்பதைப் பொறுத்ததே அனைத்தும். ஒன்றிரண்டு புழு உள்ளவருக்கு எந்த அறிகுறியும் தெரியாமலே போகலாம். ஓர் ஊரில் உள்ள புழுக்களில் பெரும்பங்கு ஒரு சிலரின் வயிற்றிலேயே குவிந்திருக்கும் என்பது இத்துறையினர் நன்கறிந்த உண்மை. நோயின் சுமையைத் தாங்குவோரும், மண்ணில் முட்டைகளை மிகுதியாகச் சேர்ப்போரும் அந்தச் சிலரே.

கொக்கிப்புழுவின் கேட்டைக் கணக்காகவே பார்த்துவிடலாம். பரவலாகக் காணப்படும் வகையில் ஒரு புழுவால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 0.03 மில்லிலிட்டர் இரத்தம் இழக்கப்படுகிறது. இன்னொரு வகையில் இது 5 மடங்குக்கு மேல். முதல் வகையில் நூறு புழுக்கள் இருந்தால் மாதத்துக்கு 90 மில்லிலிட்டர். மாதவிடாயில் ஒரு பெண் இழக்கும் இரத்தம் பொதுவாக 30 முதல் 40 மில்லிலிட்டர்தான் என்பதை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஏற்கெனவே மாதவிடாயாலும் பேறுகாலத்தாலும் இரும்புச்சத்து குறைந்திருக்கும் தோட்டத் தொழிலாளி ஒருவர், படியேறினால் மூச்சு வாங்குகிறது, நகம் வெளுத்திருக்கிறது, எந்நேரமும் அசதியாக இருக்கிறது என்று வந்தால், இரும்புச்சத்து மாத்திரை மட்டும் கொடுத்து அனுப்புவது ஓட்டைக் குடத்தில் நீர் ஊற்றுவதற்கு ஒப்பாகும்.

உருண்டைப்புழு இரத்தம் குடிப்பதில்லை. குழந்தை உண்ணும் உணவில் பங்கு கேட்கிறது, வைட்டமின் ஏ உள்ளிட்ட சத்துகள் உடலில் சேர்வதைக் குறைக்கிறது. எண்ணிக்கை மிகுந்தால் புழுக்கள் பந்துபோல் சுருண்டு குடலை அடைத்துவிடலாம். பித்தநாளத்துக்குள் ஏறிவிடவும் கூடும். வயிறு உப்பி, தொடர்ந்து வாந்தி எடுத்து, மலமும் காற்றும் பிரியாமல் வலியால் துடிக்கும் குழந்தையை வீட்டில் வைத்துப் பூச்சி மருந்து கொடுத்துப் பார்க்கக் கூடாது. அது உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டிய நிலை. சாட்டைப்புழு மிகுந்தால் இரத்தமும் சளியும் கலந்த கழிச்சல் நாள்கணக்கில் நீடிக்கும். சில குழந்தைகளுக்கு மலக்குடலே வெளியே தள்ளிவிடுவதுண்டு.

காய்ச்சலின்போது வாய் வழியாகப் புழு வந்தது. இதற்கும் இருமலுக்கும் தொடர்பு உண்டா?

காய்ச்சலின்போது உருண்டைப்புழு நிலைகொள்ளாமல் அலைவதால் வாய், மூக்கு வழியே வெளிவருவது உண்டு. அஞ்சத்தக்க காட்சிதான் என்றாலும், புழு இருப்பதை ஐயத்துக்கு இடமின்றிக் காட்டிவிடும் சான்றும் அதுவே. உரிய மருந்து கொடுத்தால் போதுமானது.

இருமல் வேறொரு கட்டத்தில் வருவது. விழுங்கப்பட்ட முட்டையிலிருந்து வெளிவரும் இளம்புழு நேரே குடலில் தங்கிவிடாமல் முதலில் நுரையீரலுக்குப் பயணம் செய்கிறது. இதை மெய்ப்பிக்க ஜப்பானிய மருத்துவர் ஷிமேசு கொய்னோ 1922இல் 2,000 முட்டைகளைத் தாமே விழுங்கினார். சில நாள்களில் கடும் இருமலும் காய்ச்சலும் கண்டு, தம் சளியிலேயே இளம்புழுக்களைக் கண்டுகொண்டார். அந்தக் கட்டத்தில் மலத்தைப் பரிசோதித்தால் முட்டைகள் தென்படா. முட்டை விழுங்கியதிலிருந்து புழு முட்டையிடத் தொடங்க இரண்டு மூன்று மாதங்கள் ஆகும்.

பள்ளியில் கொடுக்கும் மாத்திரை என்ன? அது பாதுகாப்பானதா?

அல்பெண்டசோல் 400 மில்லிகிராம் மாத்திரை. இந்தியாவில் 2015 முதல் தேசிய குடற்புழு நீக்க நாளில் 1 முதல் 19 வயது வரை உள்ளவர்களுக்கு இது வழங்கப்படுகிறது. தமிழ்நாட்டில் 20 முதல் 30 வயது வரையிலான, கருவுறாத, பாலூட்டாத பெண்களுக்கும் கொடுக்கப்படுகிறது. 2 வயது நிறையாத குழந்தைக்குப் பாதி மாத்திரையைப் பொடித்து நீரில் கலந்து கொடுக்க வேண்டும்; பெரிய குழந்தைகள் முழு மாத்திரையையும் நன்றாகச் சப்பி மென்று விழுங்க வேண்டும்.

வயிற்றில் புழு அதிகம் உள்ள குழந்தைகளுக்கு அன்றைய நாள் வயிற்றுவலியோ குமட்டலோ ஓரிரு முறை வாந்தியோ வரலாம். சில மணி நேரத்தில் தணிந்துவிடும். காய்ச்சலோ வேறு நோயோ உள்ள குழந்தைக்கு அன்று கொடுப்பதில்லை. விடுபட்டவர்களுக்கென ஒதுக்கப்படும் நாளில் கொடுக்கலாம். வலிப்பு வந்த வரலாறு உள்ள குழந்தையாக இருந்தால் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

மாத்திரை தின்ற பிறகும் புழு எதுவும் வெளியே வரவில்லையே?

வர வேண்டும் என்பதில்லை. இம்மருந்து புழு சர்க்கரையை உறிஞ்சும் ஆற்றலைத் தடுத்து அதைப் பட்டினி போட்டுக் கொல்கிறது. அதற்குச் சில நாள்கள் ஆகும். கொக்கிப்புழு போன்ற சிறியவை வெளியேறினாலும் கண்ணுக்குத் தெரிவது அரிது. பழைய காலத்து விளக்கெண்ணெய்ப் பேதியை இதோடு சேர்த்துக் கொடுக்கத் தேவையில்லை.

ஒரே வேளை மாத்திரை உருண்டைப்புழுவை நன்றாகவும் கொக்கிப்புழுவை ஓரளவு நன்றாகவும் நீக்குகிறது. சாட்டைப்புழுவிடம் அதன் ஆற்றல் குறைவு. அதற்கு மூன்று நாள் தொடர்ந்து கொடுப்பது வழக்கம்.

மாத்திரை கொடுத்தால் பிள்ளை நன்றாக வளரும், நன்றாகப் படிக்கும் என்கிறார்களே?

புழுச்சுமை மிகுந்த குழந்தைக்கு அது உண்மையாகலாம். ஆனால் ஊர் முழுவதற்கும் மாத்திரை கொடுப்பதால் எல்லாக் குழந்தைகளின் எடையும் படிப்பும் உயர்ந்துவிடும் என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உள்ளது. உத்தரப் பிரதேசத்தில் சுமார் 10 லட்சம் சிறுகுழந்தைகளிடம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அல்பெண்டசோல் கொடுத்து நடத்தப்பட்டு 2013இல் வெளியிடப்பட்ட மிகப்பெரிய ஆய்வில், எடையிலோ உயிரிழப்பிலோ குறிப்பிடத்தக்க மாற்றம் காணப்படவில்லை. அந்தப் பகுதியில் புழுத்தொற்று அவ்வளவு கடுமையாக இல்லை என்பது அதற்குச் சொல்லப்படும் விளக்கங்களில் ஒன்று. விலை குறைந்த, பாதுகாப்பான மாத்திரை என்பதால் அதைக் கொடுப்பதே சரி என்பது என் கருத்து. அதை வளர்ச்சிக்கான டானிக்காக விளம்பரப்படுத்துவதில்தான் எனக்கு உடன்பாடில்லை.

இரவில் மட்டும் அரிப்பு. மாத்திரை கொடுத்தும் திரும்பத் திரும்ப வருகிறது. ஏன்?

கீரிப்பூச்சியாக இருக்கும். முன்னர்ச் சொன்ன மண் விதிக்கு இது விலக்கு. பெண் புழு இரவில் ஆசனவாய்க்கு வெளியே வந்து ஆயிரக்கணக்கில் முட்டையிடுகிறது. அவை ஒருசில மணி நேரத்திலேயே தொற்றும் நிலையை அடைகின்றன. சொறிந்த விரல் வாய்க்குப் போகிறது. பாய், போர்வை, தலையணை உறை எல்லாவற்றிலும் முட்டைகள் படிந்து இரண்டு மூன்று வாரங்கள் வரை உயிரோடு இருக்கும். கழிப்பறை உள்ள, மண்ணே மிதிக்காத வீட்டுக் குழந்தைக்கும் இது வரும் என்பதால், அக்கம்பக்கத்தில் சொல்ல வெட்கப்பட வேண்டியதில்லை.

வீட்டில் உள்ள அனைவரும் ஒரே நாளில் மருந்து எடுத்து, இரண்டு வாரம் கழித்து மீண்டும் ஒருமுறை எடுக்க வேண்டும். அதே நாளில் படுக்கைத் துணிகளை வெந்நீரில் துவைத்து வெயிலில் உலர்த்துங்கள். குழந்தையின் நகத்தை வெட்டி, காலையில் எழுந்ததும் குளிப்பாட்டுங்கள். மலப்பரிசோதனையில் இந்த முட்டை பெரும்பாலும் தென்படாது. காலையில் கழுவுவதற்கு முன் ஆசனவாயில் ஒட்டுநாடாவை ஒற்றி எடுத்து ஆய்வகத்தில் காட்டுவதே முறை. சாராயம் கலந்த கைச்சுத்திகரிப்பான்களை நம்ப வேண்டாம், சோப்பும் தண்ணீருமே நம்பத்தக்கவை.

பாகற்காய், வேப்பிலை, வாய்விளங்கம் போதாதா?

வாய்விளங்கம் சித்த, ஆயுர்வேத மருத்துவங்களில் புழுவுக்கென்றே நெடுநாளாக வழங்கி வருவது. தகுதி பெற்ற சித்த மருத்துவர் கொடுத்தால் அளவறிந்து கொடுப்பார். வீட்டில் கைப்பிடி அளவாக அரைத்துக் குழந்தைக்குப் புகட்டும் வேப்பிலைச் சாறு அப்படியல்ல. அதனால் புழு முழுவதும் நீங்குகிறது என்பதற்கு உறுதியான சான்று இல்லை. சிறு குழந்தைக்கு வேப்ப எண்ணெய் கொடுப்பதோ ஆபத்தானது.

கர்ப்பிணிகள் பூச்சி மாத்திரை எடுக்கலாமா?

முதல் மூன்று மாதங்களில் கூடாது. அதன் பிறகு மருத்துவர் அறிவுரைப்படி ஒரு வேளை மாத்திரை கொடுக்கப்படுகிறது. கர்ப்பகால இரத்தசோகையைக் குறைக்கும் அரசுத் திட்டத்தில் அதற்கு இடம் உண்டு.

பன்றி இறைச்சி சாப்பிட்டால் மூளையில் புழு வருமா?

சரியாக வேகாத பன்றி இறைச்சியில் நாடாப்புழுவின் கட்டிகள் இருந்தால், உண்டவரின் குடலில் நாடாப்புழு வளரும். மூளைக்குச் செல்வது அதுவன்று. அந்த மனிதரின் மலத்தில் வெளியேறும் முட்டைகளை விழுங்குபவருக்கே, அவர் வாழ்நாளில் இறைச்சியே தொடாதவராக இருந்தாலும், மூளையில் கட்டிகள் தோன்றி வலிப்பு வரலாம். சமைப்பவரின் கைச்சுத்தமும் பச்சையாக உண்ணும் காய்கறிகளைக் கழுவுவதும் இங்கே இறைச்சியைவிட முக்கியமாகின்றன. மாட்டிறைச்சியில் வரும் நாடாப்புழு மூளைக்குச் செல்வதில்லை. நன்றாக வேகவைத்த இறைச்சியாலும், நம் வீட்டு மீன்குழம்பாலும் அச்சமில்லை.

எங்கள் வீட்டில் கழிப்பறை இருக்கிறது, கிணற்று நீரையும் குளோரின் போட்டுத்தான் குடிக்கிறோம். பிறகும் ஏன்?

குளோரின் கிருமிகளைக் கொல்லும். உருண்டைப்புழு முட்டையின் தடித்த ஓட்டை அது வழக்கமான அளவில் ஊடுருவுவதில்லை. கொதிக்கவைத்த நீரே பாதுகாப்பு. இருப்பினும் புழுத்தொற்றுக்குக் கிணற்றைவிட முற்றமே பெரிய காரணம். கழிப்பறை இருக்கும் வீட்டிலும் கைக்குழந்தையின் மலத்தை வாழைமூட்டிலோ தென்னந்தடத்திலோ கொட்டும் பழக்கம் இங்கே பரவலாக உண்டு. சிறுகுழந்தையின் மலத்தில் என்ன இருக்கப்போகிறது என்ற எண்ணமே அதற்குக் காரணம். தவழ்ந்து மண்ணை வாயில் போடும் வயதிலேயே புழு தொற்றிவிடுவதால், அந்த எண்ணம் தவறு. அதையும் கழிப்பறையிலேயே கொட்ட வேண்டும்.

இன்னொன்று கழிவுக்குழி. நிரம்பிய குழியை உடனே அள்ளித் தோட்டத்துக்கு உரமாக இட்டால், உயிருள்ள முட்டைகளை நாமே விதைத்தது போலாகும். இரட்டைக் குழிக் கழிப்பறையில் ஒரு குழி நிரம்பியதும் மூடிவிட்டு, ஒன்றரை முதல் இரண்டு ஆண்டுகள் தொடாமல் விட்ட பின்னரே அள்ள வேண்டும்.

கடற்கரை மணலில் விளையாடிய பிறகு காலில் சிவப்பாக வளைந்து வளைந்து ஒரு கோடு ஊர்கிறது. இது என்ன?

நாய், பூனைகளின் கொக்கிப்புழு. அவை மணலில் மலம் கழிப்பதால் அங்கே வளரும் இளம்புழு, மனிதத் தோலுக்குள் புகுந்து, ஆழமாகச் செல்ல வழியின்றி மேல்தோலுக்குள்ளேயே நாளொன்றுக்குச் சில மில்லிமீட்டர் முதல் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் வரை ஊர்கிறது. குடலுக்குப் போவது அரிது. அரிப்பு கடுமையாக இருக்கும். மருந்தால் விரைவில் குணமாகும். பனிக்கட்டி வைத்தோ சூடு போட்டோ அதைக் கொல்ல முயலாதீர்கள்.

ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு மாத்திரை எடுக்கும் பெரியவர்கள் புழுவைப் பற்றித் தனியாகக் கவலைப்பட வேண்டுமா?

வேண்டும். ஸ்ட்ராங்கிலாய்டஸ் என்றொரு சிறு புழு உண்டு. கொக்கிப்புழுவைப் போலவே மண்ணிலிருந்து தோல் வழியே நுழைவது. மண் வழியாகப் பரவும் மற்ற குடற்புழுக்களுக்கு மாறாக, இது உடலுக்குள்ளேயே தன் தலைமுறையைத் தொடரக்கூடியது; எனவே இளவயதில் தோட்டத்தில் வெறுங்காலோடு வேலை செய்தவரின் உடலில் பல பத்தாண்டுகள் கழித்தும் ஓசையின்றி இருக்கலாம். ஸ்டீராய்டு மருந்தால் நோயெதிர்ப்பு ஆற்றல் குறையும்போது அது கட்டின்றிப் பெருகி உடலெங்கும் பரவி உயிருக்கே உலை வைக்கக்கூடும். ஒரு வேளை அல்பெண்டசோல் இதற்குப் போதாது. ஐவர்மெக்டின் என்ற வேறு மருந்து தேவை. ஆகையால் நீண்டகால ஸ்டீராய்டு சிகிச்சை தொடங்கும் முன், தாம் பால்வெட்டுத் தொழிலிலோ வயல் வேலையிலோ இருந்ததை நோயாளி தாமாகவே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். ஓய்வு பெற்று இருபது ஆண்டுகள் ஆகியிருந்தாலும் சரி.